இரண்டாவது முறை கூப்பிட்டார்களா? இசையை வைத்துப் பிழைக்க நினைப்பவர்களுக்கு

"நன்றாக வாசிக்கிறாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கிவிடலாமா?" மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காசு கொடுத்து உங்களை ஒருமுறை கூப்பிட்டவர், இரண்டாவது முறையும் கூப்பிட்டாரா? நண்பன், சொந்தக்காரர், சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எல்லாம் கணக்கில் சேராது. முன்பின் தெரியாத ஒருவர், வேறு நாலு பேர் கையில் இருந்தும், உங்கள் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாரா? ஆம் என்றால் மேலே படியுங்கள். இல்லை என்றாலும் படியுங்கள், ஆனால் வேலையை மட்டும் இப்போதைக்கு விடாதீர்கள்.

நான் கீபோர்டு வாசிப்பவன். மேடையில் பாடகர்களுக்குப் பின்னால், ஸ்டூடியோவில் இசையமைப்பாளர்களுக்கு, நடுவில் கொஞ்சம் வகுப்பு, கொஞ்சம் விளம்பர இசை என்று இருபது வருடமாக இதில்தான் பிழைப்பு. பெரிய பெயரெல்லாம் கிடையாது. போஸ்டரில் முகம் வராது, ஆனால் மாதம் பிறந்தால் வாடகை கட்டிவிடுகிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், அவர்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை என்பதால் வெளியே தெரிவதில்லை. ஒரே இரவில் நட்சத்திரமாவது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் கூப்பிடுகிற மாதிரி இருப்பது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

முதலில், எந்த வேலை?

இசைக்கலைஞர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம், உள்ளே போய்ப் பார்த்தால் ஏழெட்டு வேலைகள். மேடையில் மற்றவருக்கு வாசிப்பது, ஸ்டூடியோவில் வாசிப்பது, சொந்தப் பாட்டு போட்டு வெளியிடுவது, விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் வீடியோ கேமுக்கும் இசை அமைப்பது, மற்றவர் மெட்டுக்கு அரேஞ்ச்மென்ட் செய்வது, மிக்ஸிங், வகுப்பு. மேடையும் ஸ்டூடியோவும் ஒன்று போலத் தெரியும். ஆனால் மேடையில் தப்பாக விழுந்த ஒரு ஸ்வரம் அடுத்த நொடியே காற்றோடு போய்விடும், ஸ்டூடியோவில் உங்கள் வாத்தியத்தை மட்டும் கேட்க வைக்கும் சோலோ பட்டனை ஒருவர் அழுத்தினால் அதே ஸ்வரம் பத்துத் தடவை உங்கள் முகத்துக்கு எதிரே ஓடும். மேடையில் கொடிகட்டிப் பறக்கும் எத்தனையோ பேர் ஹெட்ஃபோனில் தாளத்துக்கான கிளிக் சத்தம் கேட்டதும் கை நடுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தலைகீழாகவும் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பிழைப்பவர்கள் ரொம்பக் குறைவு. சீக்கிரம் காசு தருவது ஒன்று (பெரும்பாலும் மேடை), மாதாமாதம் தவறாமல் தருவது ஒன்று (பெரும்பாலும் வகுப்பு), எப்போது தரும் என்று தெரியாமலே நீங்கள் ஆசையாகச் செய்வது ஒன்று (பெரும்பாலும் சொந்தப் பாட்டு) என்று மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதிடம் போய் வாடகை கேட்கும்போதுதான் ஆட்களுக்கு இசை மேலேயே வெறுப்பு வருகிறது.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஆரம்பகாலக் கதை ஒன்று. சவுண்ட் செக் நேரத்தில் பாடகர் வந்தார், தொண்டை கட்டியிருக்கிறது, இன்றைக்கு எல்லாப் பாட்டையும் சுருதியில் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம் என்றார். கிட்டார்க்காரர் தலையை ஆட்டினார், பேஸ் வாசிப்பவர் ஏற்கெனவே விரலை ஒரு கட்டம் நகர்த்திவிட்டார். நான் கீபோர்டில் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். இரண்டு பாட்டு அருமையாகப் போனது. மூன்றாவது பாட்டுக்கு வேறு டோன் மாற்றினேன். அந்த மாடலில் டோனுக்கான செட்டிங்கை மாற்றினால் டிரான்ஸ்போஸ் பழையபடி பூஜ்யத்துக்குப் போய்விடும், அது எனக்குத் தெரியாது. ஆரம்ப இசையை நான் அரைக் கட்டை மேலே எடுத்தேன், மற்ற எல்லோரும் கீழே. நாலு நொடிதான் இருக்கும், நாலு யுகம் போல இருந்தது. அந்தப் பாடகர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போனார். ஆனால் அப்புறம் கூப்பிடவில்லை.

அதன்பிறகு ஒரு வருடம் பட்டன் பக்கமே போகாமல் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துப் பழகினேன். வழி ரொம்ப எளிது, கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) எழுத்தாக மனப்பாடம் செய்யாமல், சுருதியிலிருந்து எத்தனாவது ஸ்வரம் என்ற எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டூடியோக்களில் 1950-களின் இறுதியிலிருந்து இந்த எண் முறையைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டு 1, 6, 4, 5 என்று போகிறதென்றால், ஒரு கட்டையில் அது சி, ஏ மைனர், எஃப், ஜி. அரைக் கட்டை இறக்கினால் பி, ஜி ஷார்ப் மைனர், இ, எஃப் ஷார்ப். எண் மாறவில்லை, கை மட்டும்தான் இடம் மாறுகிறது. தினம் ஒரு பாட்டை எடுத்து மூன்று சுருதியில் வாசித்தால் போதும், ஆறு மாதத்தில் யார் எந்தக் கட்டை சொன்னாலும் பதறமாட்டீர்கள்.

அடுத்தது காலப்பிரமாணம். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஓடாமலும் இழுக்காமலும் நிற்பவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்து எல்லா அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டு வாசித்தால் அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், நீங்கள் எதையும் பழகுவதில்லை. அதே பாட்டுக்கு 60 வையுங்கள், அப்புறம் 30. நாலு அடி கொண்ட பாட்டில் 30 என்றால் ஒரு பாருக்கு, அதாவது நாலு அடிச் சுற்றுக்கு, ஒரு தட்டுதான். நடுவில் இருக்கிற மூன்று அடியையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும், அடுத்த தட்டு வரும்போது எவ்வளவு முன்னால் ஓடியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். முதல் வாரம் அவமானமாக இருக்கும். போனில் பதிவு செய்து அன்றைக்கே கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். வாசித்த சூட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

மூன்றாவது, வேகமாகக் கற்றுக்கொள்வது. இருபது பாட்டுப் பட்டியல் வரும், மூன்று நாள்தான் இருக்கும். இருபதையும் முழுசாக மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். பாட்டுக்கு ஒரு பக்கம்: மேலே சுருதியும் டெம்போவும், யார் ஆரம்பிப்பது, எத்தனை பார் இன்ட்ரோ, எங்கே எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும், எப்படி முடிகிறது. நடுவில் கொஞ்சம் மறந்தால் சமாளித்துவிடலாம். ஆரம்பமும் முடிவும் நிறுத்தங்களும் மறந்தால் முதல் வரிசைக்கே தெரியும். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டுமா என்றால், ஆர்க்கெஸ்ட்ரா, நாடக மேடை, பெரிய ஸ்டூடியோ வேலைகளுக்குக் கட்டாயம் வேண்டும், மற்ற இடத்தில் கார்டுகளை மட்டும் எழுதிய சார்ட் போதும். தெரிந்தால் நஷ்டமில்லை, தெரியாமல் ஒரு நல்ல வேலையை நான் விட்டிருக்கிறேன்.

மேடைக்கு முன்னும் பின்னும்

எங்கள் வட்டாரத்தில் ஒருவரைப் பரிந்துரைக்கும்போது "நல்லா வாசிப்பான்" என்பதற்கு முன்னால் "நேரத்துக்கு வந்துடுவான்" என்றுதான் சொல்வோம். கேலியாகத் தோன்றும், ஆனால் ஏற்பாடு செய்பவர் பக்கமிருந்து பாருங்கள். அவருக்கு அன்றைக்கு நூறு தலைவலி, உங்களை நூற்றியோராவதாகச் சேர்த்துக்கொள்ள அவருக்குத் தெம்பு இல்லை.

என் பையைத் திறந்து காட்டுகிறேன். இரண்டு ஜாக் கேபிள் தேவைப்படும் இடத்துக்கு நாலு. ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் ஒன்று. கீபோர்டிலிருந்து வரும் சிக்னலை நீளமான கேபிளில் அப்படியே மிக்ஸருக்கு அனுப்பினால் வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு போகும், டிஐ அதைப் பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றி அனுப்பும், அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஹம் வந்தால் முதலில் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். சவுண்ட்காரர் வைத்திருப்பார் என்று நம்பிப் போன இரண்டு இடத்தில் இல்லை, அதனால் சொந்தமாக ஒன்று. கீபோர்டின் அடாப்டர், அதற்கு ஒரு மாற்று. நீண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சஸ்டெய்ன் பெடல், அது நழுவாமல் தரையில் ஒட்ட துணி டேப். சின்ன டார்ச், ஏனென்றால் மேடைக்குப் பின்னால் எப்போதும் இருட்டு. பென்சில், காதுக்கு இயர்பிளக், ஒரு கறுப்புச் சட்டை. டோன்களின் பேக்கப் இருக்கும் யுஎஸ்பி. கிட்டார் வாசிப்பவர் என்றால் இந்த இடத்தில் கூடுதல் ஸ்ட்ரிங் செட்டும் 9 வோல்ட் பேட்டரியும் வரும். இந்தப் பையை வீட்டில் பிரித்து எதையும் வெளியே எடுப்பதில்லை, வீட்டுக்குத் தனி கேபிள்.

சவுண்ட்காரரிடம் மரியாதையாக இருங்கள். இதை நல்ல பண்பு என்பதற்காகச் சொல்லவில்லை (அதுவும்தான்), உங்கள் இரண்டு மணி நேர உழைப்பு அரங்கத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது அவர் விரலில் இருக்கிறது. மேடையில் யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எத்தனை லைன், யாருக்கு மானிட்டர் ஸ்பீக்கரில் என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் படம் போட்டு இரண்டு நாள் முன்னால் அனுப்பிவிடுங்கள், ஸ்டேஜ் பிளாட் என்பார்கள். அனுப்பியவர்களை அவர் ஞாபகம் வைத்திருப்பார். எனக்கு வந்த வேலைகளில் கணிசமானவை சவுண்ட்காரர்கள் சொல்லி வந்தவை.

போக முடியாத நாள் வரும். அப்போது "முடியாது" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாமல், உங்கள் அளவுக்கு வாசிக்கிற ஒருவர் பெயரையும் சொல்லுங்கள். உங்களைவிட மோசமானவரை அனுப்பினால் உங்கள் இடம் பத்திரம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அனுப்பியது நீங்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியுமே!

வீட்டிலிருந்தே ஸ்டூடியோ வேலை செய்து அனுப்புவது இப்போது பெரிய பகுதி. அதிலும் இதே கதைதான். படத்துக்கான வேலை என்றால் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல் கேட்பார்கள், எதுவாக இருந்தாலும் ஆரம்பிக்கும் முன்னால் கேட்டுவிடுங்கள். எல்லா ஃபைலும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்க வேண்டும், நீங்கள் வாசிப்பது இரண்டாவது நிமிடத்தில்தான் என்றாலும் முன்னால் இருக்கும் மௌனத்தோடு சேர்த்தே அனுப்புங்கள், அப்போதுதான் அவர் இழுத்துப் போட்டதும் இடத்தில் உட்காரும். ரிவெர்ப் (எதிரொலி) போட்டது ஒன்று, போடாதது ஒன்று. மிடி (எந்த ஸ்வரம், எப்போது என்ற தகவல் மட்டும் உள்ள ஃபைல்) இருந்தால் அதுவும். ஃபைலின் பெயரில் பாட்டு, வாத்தியம், டெம்போ. "ஃபைனல் ஃபைனல் புதுசு" என்று பெயர் வைத்து அனுப்பியவனை நான் இன்னும் மறக்கவில்லை.

காசு பேசுவது

நம் ஆட்கள் பலருக்கு இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "நீங்க பாத்து குடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்துக் கொடுத்ததும் வீட்டுக்கு வந்து புலம்புவது. தொகையை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும்.

மூன்று மணி நேர நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பட்டியலைத் தயார் செய்ய ஆறு மணி நேரம், ரிகர்சலும் அதற்குப் போய்வருவதுமாக நாலு, நிகழ்ச்சி நாளில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை எட்டு. மொத்தம் பதினெட்டு மணி நேரம். அவர் சொல்லும் தொகையை மூன்றால் வகுக்காமல் பதினெட்டால் வகுத்துப் பாருங்கள். நல்ல தொகை என்று தோன்றியது பலமுறை சிரிப்பாகிவிடும். மாதத்துக்கு இப்படி எத்தனை நிகழ்ச்சி உங்களால் உடம்பு கெடாமல் செய்ய முடியும், உங்கள் மாதச் செலவு என்ன, இந்த இரண்டும் தெரிந்தால் எதற்குக் கீழே போகக்கூடாது என்று தெரிந்துவிடும்.

வாய்ப்பேச்சு முடிந்ததும் நான் ஒரு செய்தி அனுப்புவேன், கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே வாசகம்தான்:

"வணக்கம். பேசியபடி 14-ஆம் தேதி மாலை 7 முதல் 10 வரை, நடுவில் 20 நிமிட இடைவேளை. ஒரு ரிகர்சல் இந்தத் தொகைக்குள் அடங்கும், இரண்டாவதற்குத் தனி. கீபோர்டு, ஸ்டாண்டு, டிஐ நான் கொண்டுவருகிறேன். பயணமும் தங்குமிடமும் உங்கள் பொறுப்பு. பாதித் தொகை முன்பணமாக வந்ததும் தேதியை உறுதி செய்துகொள்கிறேன், மீதி அன்றைக்கு மேடை ஏறும் முன். கடைசி ஏழு நாளுக்குள் ரத்தானால் முன்பணம் திரும்ப வராது. நிகழ்ச்சியைப் பதிவு செய்து வெளியிடுவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லவும், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். சரி என்றால் ஒரு வரி பதில் போடவும்."

அந்த ஒரு வரி பதில்தான் உங்கள் ஒப்பந்தம். பெரிய வேலை என்றால் கையெழுத்து போட்ட தாள் வேண்டும், சின்ன வேலைக்கு இதுவே போதும். "மேடை ஏறும் முன்" என்ற சொற்கள் எப்படி உள்ளே வந்தன என்று கேட்டால், நிகழ்ச்சி முடிந்ததும் மீதியைத் தருகிறேன் என்ற ஒருவர் அதன்பிறகு போனையே எடுக்கவில்லை, அப்படித்தான் வந்தன.

"காசு இல்லை, ஆனால் நிறைய பேர் பார்ப்பார்கள்" என்ற அழைப்பு உங்களுக்கும் வரும். இலவசமாக வாசிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒருவருடன் உட்கார முடிகிறது என்றாலோ, மனசார நம்புகிற காரியம் என்றாலோ போகலாம். மேடை, விளக்கு, ஒலி, அச்சடித்தவர் எல்லோருக்கும் காசு போய், வாசிக்கிறவருக்கு மட்டும் இல்லை என்றால் போக வேண்டாம். இலவசமாகப் போனாலும் பில் அனுப்புங்கள்: மேலே முழுத் தொகை, கீழே முழுத் தள்ளுபடி, மொத்தம் பூஜ்யம். அடுத்த முறை பேச்சு அந்த மேல் எண்ணிலிருந்து தொடங்கும்.

பாட்டு யாருடையது

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஒரு பாட்டு என்பது இரண்டு சொத்து. வரியும் மெட்டும் சேர்ந்தது ஒன்று, அதை ஒரு நாள் ஒரு அறையில் பதிவு செய்த ஒலி இன்னொன்று. வேறொருவர் பாட்டை நீங்கள் புதிதாகப் பாடி வெளியிட்டால் ஒலிப்பதிவு உங்களுடையது, பாட்டு அவருடையதுதான், அதற்கு உரிமம் வேண்டும். படத்திலோ விளம்பரத்திலோ ஒரு பதிவை அப்படியே பயன்படுத்த வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டும் உங்களிடமே இருந்தால் ஒரே கையெழுத்தில் வேலை முடியும், சின்னக் கலைஞர்களுக்கு இது பெரிய வசதி.

இசையை உபயோகித்தால் காசு கொடுக்க வேண்டும் என்பது எப்படி நடைமுறைக்கு வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1847-இல் பாரிஸில் ஒரு இசைக் கூடத்தில் ஏர்னெஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் நண்பர்களுடன் உட்கார்ந்திருந்தார். அங்கே அவருடைய பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். பில் வந்ததும், என் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லை, உங்கள் பானத்துக்கு நான் ஏன் தர வேண்டும் என்று மறுத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் போய் அவர் பக்கம் தீர்ந்தது, அதன் தொடர்ச்சியாக 1851-இல் சாசெம் என்ற அமைப்பு உருவானது. மேடையிலும் வானொலியிலும் கடைகளிலும் ஒலிக்கும் பாட்டுகளுக்குப் பணம் வசூலித்துப் பிரித்துத் தரும் இப்படிப்பட்ட சங்கங்கள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன. நீங்கள் மெட்டோ வரியோ எழுதுபவர் என்றால் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். உறுப்பினராகிவிட்டுப் பாட்டைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஏராளம், அது வங்கியில் கணக்குத் திறந்துவிட்டு எண்ணை யாருக்கும் சொல்லாமல் இருப்பது போல.

1886-ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும், எங்கும் போய் முத்திரை குத்த வேண்டியதில்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்து செய்த பாட்டில் யாருக்கு எவ்வளவு என்று எந்த ஒப்பந்தமும் சொல்லாது. அதை நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும், அதுவும் பாட்டு முடிந்த அன்றைக்கே, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போதே. ஒரு தாள், பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் பெயர், வரிக்கு எவ்வளவு சதவீதம், மெட்டுக்கு எவ்வளவு, ஒலிப்பதிவில் எவ்வளவு, கூட்டினால் ஒவ்வொன்றும் 100, கீழே கையெழுத்து, எல்லோரும் போனில் ஒரு படம். பத்து நிமிட வேலை. பாட்டு ஓடிய பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் நட்பும் போகும், பாட்டும் போகும்.

பெயர் எழுதுவதிலும் கவனம். என் பெயரை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒரு எழுத்து கூடுதலாகவும் இன்னொரு இடத்தில் இல்லாமலும் கொடுத்துவிட்டேன். இரண்டும் வேறு வேறு ஆள் என்று கணினி முடிவு செய்துவிட்டது, ஒரு ஆளுக்கு வர வேண்டிய பங்கு உரிமையாளர் தெரியாத பணமாக இரண்டு வருடம் கிடந்தது. மீட்க அனுப்பிய மின்னஞ்சல்களை எண்ணினால் ஒரு சின்னப் புத்தகம் தேறும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற குறியீடு கிடைக்கும், உங்கள் பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தரே பெரும்பாலும் தந்துவிடுவார். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விநியோகஸ்தரை மாற்றினால் அதே பதிவுக்கு அதே குறியீட்டைக் கொடுக்க வேண்டும், புதிதாக வாங்கினால் இதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கையை இழக்கும் அபாயம் உண்டு. புதிதாகப் பாடிப் பதிவு செய்தாலோ ரீமிக்ஸ் செய்தாலோதான் புதுக் குறியீடு.

ஸ்ட்ரீமிங் வருமானம் பற்றி எல்லோரும் கேட்பது "ஒரு தடவை கேட்டால் எவ்வளவு?" அப்படி நிலையான விலை கிடையாது. பெரிய தளங்களில் பொதுவாக அந்த மாதம் வந்த மொத்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மொத்தக் கேட்புகளில் உங்களுடையது எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பதிவுக்கு ஒலிப்பதிவுப் பங்கே கிடையாது. அதனால் முதல் சில வருடங்களுக்கு அதை விசிட்டிங் கார்டு என்று நினைத்துக்கொள்வது நல்லது. கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில் சத்தத்தைச் சுவரைப் போல ஏற்றி அனுப்புவதிலும் பலனில்லை, ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாவற்றையும் இறக்கிச் சமமாக்கிவிடுகிறது. இன்னொன்று, விலை கொடுத்து வாங்கிய லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டை) அப்படியே முதுகெலும்பாக வைத்துப் பாட்டு போட்டு, அதை, யார் பாட்டு என்று கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அதே லூப்பை இன்னும் ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள், அதில் தனி உரிமை உங்களுக்கு இல்லை, கடைசியில் ஒருவர் மேல் ஒருவர் புகார் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

காதும் கையும்

85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு கால் மணி நேரம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒரே பாட்டு வரிசையில் அன்றைய ஒதுக்கீட்டைத் தாண்டிவிடுவார். நுரை இயர்பிளக் உயர்ந்த ஸ்தாயிகளை மட்டும் அதிகமாக வெட்டி, போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல ஆக்கிவிடும், இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் இயர்பிளக் தனியாக இருக்கிறது, அதை வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்து படுத்தால் காதில் "ங்ங்" என்று ஒலி கேட்பதை நான் பல வருடம் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அது இப்போது பகலிலும் கேட்கிறது.

கை வலித்தால் நிறுத்துங்கள். வலியோடு வாசித்துப் பழக்குவது என்று ஒன்று கிடையாது. இருபத்தைந்து நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் எழுந்து நடங்கள். விரல் தானாக மடங்குகிறது, சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

வகுப்பு, விளம்பரம்

வகுப்பு எடுப்பதை இளக்காரமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிகழ்ச்சிகள் வறண்ட மாதங்களில் என்னைக் காப்பாற்றியது அதுதான். மாதக் கட்டணம் முன்கூட்டியே, வகுப்புக்கு 24 மணி நேரம்கூட இல்லாதபோது ரத்து செய்தால் அந்த வகுப்பு எடுத்ததாகக் கணக்கு, இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எத்தனை மாணவர் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். நான் ஒரு காலத்தில் வாரம் இருபத்தைந்து பேருக்கு எடுத்தேன், காசு வந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நான் சாதகம் செய்வதே நின்று போயிருந்தது.

விளம்பரம் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நிமிட வீடியோக்கள் ஏழெட்டு, ஒவ்வொன்றும் நீங்கள் உண்மையில் எந்த வேலைக்குக் கூப்பிடப்பட வேண்டுமோ அந்த வேலையைக் காட்ட வேண்டும். மற்றவருக்கு வாசிக்க ஆசை என்றால், மற்றவருக்கு வாசிக்கும் வீடியோ போடுங்கள். தனியாக உட்கார்ந்து மின்னல் வேகத்தில் வாசித்த வீடியோவைப் பார்த்து எந்தப் பாடகரும் இவர் நமக்கு இடம் விட்டு வாசிப்பார் என்று நினைக்கமாட்டார். வாத்தியம், போன் எண், எடுத்துக்கொள்ளும் வேலைகள், இவை ஒரே தொடுதலில் கிடைக்க வேண்டும்.

அப்புறம், வேலையை எப்போது விடுவது

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, யார் கூப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆனது, முன்பு கூப்பிட்டவரா புதியவரா. ஒரு முழு வருடம் எழுதுங்கள், ஏனென்றால் இந்தத் தொழிலில் பருவம் உண்டு. நிரம்பி வழிகிற மூன்று மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டு ராஜினாமா கொடுத்தவர்கள், காய்ந்த மூன்று மாதத்தில் வாத்தியத்தை விற்றிருக்கிறார்கள். வருட முடிவில் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து வருவது உங்கள் மாதச் செலவைத் தொட வேண்டும், வங்கியில் ஆறு மாதச் செலவு தனியாக இருக்க வேண்டும், பழைய ஆட்களே திரும்பக் கூப்பிட்டது பாதிக்கு மேல் இருக்க வேண்டும். வருமான வரிக்கென்று ஒவ்வொரு வரவிலிருந்தும் ஒரு பங்கை வேறு கணக்குக்கு அன்றைக்கே நகர்த்திவிடுங்கள், அது உங்கள் பணம் இல்லை.

என்னிடம் படித்த ஒரு பையன் இந்த நோட்டோடு வந்தான். வருடத்தில் பதினொரு நிகழ்ச்சி, பதினொன்றும் வேறு வேறு ஆட்கள். இன்னும் ஒரு வருடம் பொறு, முதலில் அந்தப் பதினொரு பேருக்கும் போன் போட்டு நான் வாசித்தது எப்படி இருந்தது, என்ன குறை என்று கேள் என்றேன். முகம் சுருங்கிப் போனான், ஆனால் கேட்டான். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்களாம், பாடுகிற நேரத்தில் நீ நிறைய வாசிக்கிறாய் என்று. இரண்டு வருடம் கழித்துத்தான் வேலையை விட்டான்.

போன மாதம் அவனே அழைத்தான். "அண்ணா, சனிக்கிழமை ரெண்டு நிகழ்ச்சி ஒண்ணா வந்துடுச்சு, ஒண்ணுக்கு நீங்க போக முடியுமா?" தொகையை முதலில் சொன்னான், அப்புறம் நேரம், அப்புறம் பாட்டுப் பட்டியல். யார் பாடுகிறார்கள் என்று கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு, "அவங்களுக்கு தொண்டை சரியில்லையாம், அரைக் கட்டை இறங்கலாம்ணா" என்றான்.